நூற்றுப் பதினான்கு பகையாளிகளும் கொஞ்சம் காற்றும்

“பெயர்: ரீஜிஸ் ஹூடாக். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: கட்டட இடிப்பு. சாந்தமான சுபாவம் உடையவர். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பை முழுமையாக முடித்துள்ளார். இல்லத்தில் அலங்கார மீன் வளர்ப்பதன் மூலம் மன அமைதி பெற்றுள்ளார். எவருக்கும் ஊறு விளைவிக்கக்கூடியவர் அல்லர். இவர் மீதான கண்காணிப்பை இன்றுடன் முடித்துக்கொள்ளலாம்.”

மாவட்ட நன்னடத்தை அலுவலகத்தின் இந்த அறிக்கை மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் தேதியைத் தாங்கியிருந்தது. அதைத் தட்டச்சு செய்த க்ளெனிஸ் ப்ரூயிட் அம்மையார் ஒழுங்குக்குப் பேர்போனவர். எந்த வீட்டைப் பார்வையிடப் போகிறாரோ அந்த வீட்டைப் பற்றிய அறிக்கையைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். பதினெட்டு வருட உத்தியோகத்தில் இந்த வழக்கம் அவரை ஒரே ஒரு முறைதான் காலை வாரியது.

ரீஜிஸ் ஆறடி மூன்று அங்குலம். மொனோங்கஹேலா ஆற்றங்கரையில், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே இருக்கும் வெஸ்ட் கார்னனில் குடியிருக்கும் வீடுகளைவிட இடிக்க வேண்டிய வீடுகள் அதிகம் என்பதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இயந்திரம் வரட்டும் என்று மற்றவர்கள் சிகரெட் பற்றவைக்கும் நேரத்தில் அவர் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். சாயங்காலம் வேலை முடிந்துவிட்டது என்று யாராவது அவரிடம் கத்திச் சொல்ல வேண்டும். பல நாள் அது அவர் காதில் விழுவதில்லை. வேலைத்தளத்திலிருந்து வெளியே வந்த பிறகும் இடித்துக்கொண்டே இருப்பார். அக்கா மகள் கல்யாணத்தில், பலகார மேசையிலிருந்து வால்நட் உருட்டுகளை வரிசையில் நிற்காமல் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரை அதே மேசையின் மேல் கிடத்தினார். சொந்தத் தகப்பனின் அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் இரண்டு பேர் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். பாதிரியார் அது துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது ஒரு நாற்காலி. பனி கொட்டிய காலையில் இரண்டு மணி நேரம் மண்வெட்டியால் வாரி, வாசலில் கார் நிறுத்த இடம் செய்து, அதில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் அது போட்டவனுடைய இடம். சட்டப் புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ அதை அங்கே ஒருவரும் மீறுவதில்லை. ஒஹையோவிலிருந்து வந்த காப்பீட்டுக்காரர் ஒருவர் ரீஜிஸ் அப்படிப் போட்டிருந்த நாற்காலியை எடுத்து நடைபாதையில் ஒழுங்காக மடக்கிச் சாய்த்துவிட்டுத் தன் காரை நிறுத்தினார். ரீஜிஸைப் பார்த்து, “இடம் சுத்தமா இருக்கே, ரொம்ப நன்றி” என்று வேறு சொன்னார். ரீஜிஸ் அவரைக் கார் ஜன்னல் வழியாக வெளியே எடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. தாடை இரண்டு இடத்தில் விட்டது. நாற்காலியும் உடைந்தது, ஏனென்றால் பிற்பாதியில் அது ஆயுதமாகப் பயன்பட்டது.

நீதிபதியின் வீட்டு வாசலிலும் பனிக்காலத்தில் ஒரு நாற்காலி உண்டு. பதினோரு மாதம் பதினைந்து நாள் சிறை என்று சொல்லி, உடனே அதை நிறுத்தி வைத்தார். இரண்டு வருடம் யார் மேலும் கை படக்கூடாது. ஒரே ஓர் அடி விழுந்தாலும் நேராக உள்ளே. விளக்கம் கேட்கப்பட மாட்டாது.

“வீட்டுல மீன் வளத்துப் பாருங்களேன், மிஸ்டர் ஹூடாக்” என்றார் ப்ரூயிட் அம்மையார் முதல் சந்திப்பில். “பாத்துக்கிட்டே இருந்தா மனசு அடங்குதாம்.”

“எத்தனை நாளைக்கு மேடம்?”

“மீன் எத்தனை நாளைக்கா, மனசு எத்தனை நாளைக்கா?”

“ரெண்டும்தான்.”

அம்மையாருக்கு நகைச்சுவை பிடிக்கும், ஆனால் அலுவலக நேரத்தில் அல்ல. மூச்சை இழுத்து நாலு எண்ணு, அடக்கி நாலு எண்ணு, விட்டு நாலு எண்ணு என்று ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார்.

தொட்டி, இடித்துக்கொண்டிருந்த ஒரு பல் மருத்துவமனையில் கிடைத்தது. எட்டடி நீளம், இருநூற்று நாற்பது கேலன். பல் பிடுங்க வந்தவர்களைச் சாந்தப்படுத்த வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து தூக்கி வந்து வீட்டின் நிலவறையில் இறக்கினார்கள். வழியில் படிக்கட்டுச் சுவர் ஒன்று தடுத்தது. ரீஜிஸுக்கு அது ஒரு தடையில்லை. நிலவறையில், அந்தப் பள்ளத்தாக்கு வீடுகளில் எல்லாம் இருப்பதுபோல, சுவரோ கதவோ இல்லாமல் நட்டநடுவில் தன்னந்தனியாக ஒரு கழிப்பறைப் பீங்கான் நின்றது. தொட்டிக்கு எதிரே உட்கார அதுவே வசதியாக அமைந்தது.

மீன் வாங்கப் போனபோது கடையில் இருந்ததிலேயே அழகானதைக் கேட்டார். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஓர் ஏரி. அதன் பாறை இடுக்குகளில் வாழும் மீன்கள். நீலம், மஞ்சள், ஆரஞ்சு. பதினைந்து வாங்கினார். அது அழகுக்கான நிறமில்லை, என் இடத்தை விட்டுத் தள்ளிப்போ என்று எழுதிய பலகை என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. பதினோராம் நாள் ஆறு மிச்சம் இருந்தன. மீதியைக் கிழித்தது உள்ளங்கை நீளத்தில் ஒரு கருநீல ஆண். ரீஜிஸின் மனைவி ராக்ஸேன் அதற்குப் பிஷப் என்று பேர் வைத்தாள்.

ரீஜிஸ் மறுபடி கடைக்குப் போனார்.

“ஒருத்தன்தான்யா எல்லாரையும் கொல்றான். அவனப் புடிச்சு வெளிய போட்டுரவா?”

“போட்டா அடுத்தவன் அந்த வேலைக்கு வந்துருவான்” என்றார் கடைக்காரர். “இன்னும் நூறு வாங்கி உள்ள விடுங்க.”

“நூறா? பதினஞ்சுக்கே தொட்டி செவந்து கெடக்கு.”

“பதினஞ்சுன்னா ஒவ்வொரு மூஞ்சியும் ஞாபகம் இருக்கும், தேடித் தேடி அடிப்பான். நூறுன்னா யார அடிச்சோம், யார விட்டோம்னு அவனுக்கே கொழப்பமாயிரும். ஆளுக்கு ஒரு குத்து, அதோட சரி. ஒருத்தரும் சாக மாட்டாங்க.” பிறகு, பில் போட்டுக்கொண்டே, “ஆனா காத்து பத்தாது. அத நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

நெருக்கியடித்தால் சமாதானம் என்ற இந்தத் தத்துவம் ரீஜிஸுக்கு விசித்திரமாகப் படவில்லை. ஏழு பிள்ளைகள் இரண்டு அறையில் வளர்ந்த வீடு அவருடையது. நூறு மீன் விட்டார். சொன்னபடியே சாவு நின்றது, சண்டை நூறு மடங்கானது. காற்றுக்கு ஒரு பெரிய பம்பு வாங்கி, தொட்டி அடியில் எட்டு இடத்தில் குமிழி விட்டார். போதும் என்று நினைத்தார்.

ஆகஸ்ட் வெக்கையில் ஒரு மத்தியானம் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்றைக்கு ஒன்பது செத்தன. அன்றுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. கண்ணுக்கு அழகாக ஏறிவரும் குமிழியில் இருக்கும் காற்று தண்ணீருக்குள் இறங்குவது சொற்பம். தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோல் உடைந்துகொண்டே இருந்தால்தான் வெளிக்காற்று உள்ளே போகும், கெட்ட காற்று வெளியே வரும். தண்ணீர் சூடாக ஆக, அது பிடித்து வைக்கும் காற்றும் குறையும். மீனுக்குத் தீனி கூடினால் மூச்சும் கூடும். ஆக, மீன் பிழைக்க வேண்டுமானால் தண்ணீரைச் சும்மா விடக்கூடாது, விடாமல் அடிக்க வேண்டும்.

தனக்குப் பிடித்தமாதிரி ஓர் அறிவியல் உண்மை உலகத்தில் இருக்கும் என்று ரீஜிஸ் எதிர்பார்த்ததில்லை. சாக்கடை இறைக்கும் ஜாதியில் இரண்டு பம்புகளை இரண்டு மூலையிலும் மாட்டி, வாயை மேல்நோக்கித் திருப்பினார். தண்ணீர் அடுப்பில் வைத்த கஞ்சி மாதிரி கொதித்தது. கண்ணாடி மூடியைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினார். தீனி ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் ஒரு நிமிடத்தில் தீருகிற அளவு. அம்மையார் கொடுத்த மூச்சுப் பயிற்சித் தாளில் தன் மூச்சுக்குப் பதிலாக மீன்களின் செவுள் அடிப்பதை எண்ணினார். நிமிடத்துக்கு எத்தனை என்று தினம் காலையிலும் மாலையிலும் பென்சிலால் குறித்தார். எண்ணிக்கை ஏறினால் பம்பை இன்னும் அரை அங்குலம் தூக்குவார். அந்த இரைச்சலில் துணி துவைக்கக் கீழே வரும் ராக்ஸேன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் அதற்கு முன்பும் கத்தித்தான் பேசினாள்.

இந்த ஏற்பாட்டின் பலன் உண்மையிலேயே அதிசயமானது. மீன்கள் குஞ்சு பொரித்து, நாளடைவில் நூற்றுப் பதினான்காயின. ஒன்றரை வருடமாக ரீஜிஸ் வெளியில் ஒருவர் மேலும் கை வைக்கவில்லை. அமைதி என்று அம்மையார் எழுதிக்கொண்டார். நடந்தது வேறு. தினமும் மாலை இரண்டு மணி நேரம் பீங்கான் மேல் உட்கார்ந்து, கடி, மோதல், துரத்தல், செதில் பறத்தல் எல்லாவற்றையும் முன்வரிசையில் பார்த்தவருக்கு, அதன்பின் மதுக்கடையில் நடப்பதெல்லாம் சப்பென்று இருந்தது. வால் பாதி போன ஒரு மஞ்சள் மீன் மட்டும் பிஷப்பிடம் தினம் அடிவாங்கும், தினம் திருப்பிக் கடிக்கும். அது பாறைக்கு அடியிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ரீஜிஸ் எழுந்து நின்றுவிடுவார்.

ராக்ஸேனின் தம்பி க்ளெம் யூரிக்கும் மீன் வளர்ப்பவன்தான். ஆனால் அவன் வேறு மதம். அவனுடையது செடித் தொட்டி. சின்னதாக ஒரு காடு, நடுவில் ஊசி போல் பத்து மீன். செடிக்குக் கரிவாயுவை அளந்து தண்ணீரில் கரைப்பார்கள். மேற்பரப்பு கலங்கினால் அந்த வாயு ஓடிவிடும் என்று தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள். சங்கத்துப் போட்டியில் மூன்று ரிப்பன் வாங்கியவன். ரீஜிஸின் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பல் கூசும்.

அம்மையார் கடைசியாக வருவதற்கு முந்தின வாரம், கறி விலக்கும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் மூவரும் பொரித்த மீன் சாப்பிட்டார்கள்.

“மாமா, உங்களுது தொட்டியா இல்ல வாஷிங் மிஷினா? எப்பப் பாரு மொத்து மொத்துனு மொத்துது.”

“உன்னுது சாவு வீடு மச்சான். பூ மட்டும் நெறைய இருக்கு, அசையறதுக்கு ஆளில்ல.”

“தண்ணின்னா அதுக்கு ஒரு நிம்மதி வேணும் மாமா.”

“நீ போய்க் கேட்டியா?”

“ரெண்டு பேரும் வாயில இருக்கிற மீன முழுங்கிட்டு மீனப் பத்திப் பேசுங்க” என்றாள் ராக்ஸேன். “அடுத்த வாரம் அந்த அம்மா கடைசியா வருது. கையெழுத்து விழற வரைக்கும் எனக்கு வீட்டுல ஒரு சத்தம் கேக்கக் கூடாது.”

அவள் சத்தம் என்று சொன்னது வாய்ச் சண்டையை. க்ளெம் அதைப் பம்பு என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரீஜிஸ் ஒரு பழைய பௌலிங் கூடத்தை இடிக்கப் போயிருந்தார். காலை பத்து மணிக்கு, நிலவறையைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று க்ளெம் வந்தான். பெருக்கினான், துடைத்தான், பீங்கானுக்கு ஒரு துணித்திரை கட்டினான். பிறகு தொட்டிப் பக்கம் போனான். காற்றுப் பம்பை நிறுத்தினான். இரண்டு பெரிய பம்புகளின் வாயையும் தரையைப் பார்க்கத் திருப்பினான். கட்டைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூடியை நன்றாகப் பொருத்தி, விரல் தடம் தெரியாமல் மெருகேற்றினான். சூட்டில் மீன்களுக்கு நிறம் தூக்கும் என்பதால் தண்ணீரை இரண்டு டிகிரி ஏற்றினான். விருந்தாளி வரும்போது மந்தமாக இருக்கக் கூடாதே என்று மூன்று தரம் தீனி போட்டான். எல்லாமே பாசத்தில் செய்தது. அவன் வீட்டுப் பத்து மீன்களுக்கு இதெல்லாம் சொர்க்கம். நூற்றுப் பதினான்கு முரடர்களுக்கு, தலையணையை முகத்தில் வைத்து அழுத்துகிற காரியம்.

மூன்று மணிக்கு ரீஜிஸ் வந்து இறங்கியபோது ப்ரூயிட் அம்மையாரும் வந்து இறங்கினார். ரீஜிஸ் தலைமுடியில் சுண்ணாம்புத் தூள். அம்மையார் கையில் அட்டை, அதில் காலையில் அடித்த தாள், மேலே பேனா.

“இன்னையோட முடியுது, மிஸ்டர் ஹூடாக்.”

“ஆமா மேடம்.”

“தொட்டியப் பாத்துட்டுப் போட்டுர்றேன்.”

நிலவறைப் படியில் முதல் அடி வைத்ததுமே ரீஜிஸ் நின்றார். சத்தம் இல்லை. பின்னால் வந்த அம்மையார் அவர் முதுகில் மோதிக்கொண்டார். கீழே ராக்ஸேனும் க்ளெமும் கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

தண்ணீர் பளிங்காக இருந்தது. நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக நூற்றுப் பதினான்கு மீனும் மேல்மட்டத்தில் ஒரே வரிசையாக, தலை உயர்த்தி, தோளோடு தோள் உரசி நின்றன. ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. பிஷப்பின் விலாவில் சாய்ந்தபடி அந்த வால் போன மஞ்சள் மீன் நின்றது. ஒன்றரை வருடத்துப் பகை, நடுவில் ஒரு விரல்கடை இல்லை.

“அடடா!” என்றார் அம்மையார். “சர்ச்சுல பாட்டுக்கு நிக்கிற மாதிரி இருக்கே. இவ்வளவு அமைதிய நான் எந்த வீட்டுலயும் பாத்ததில்ல.”

ரீஜிஸுக்குத் தெரியும்: சண்டை போடக்கூட மூச்சில்லாமல் போனால்தான் இந்த மீன்கள் சமாதானமாகும். செவுள்கள் எண்ண முடியாத வேகத்தில் அடித்தன. பின்மூலையில் ஒன்று ஏற்கனவே மல்லாந்திருந்தது.

“மச்சான், தள்ளு.”

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடம். அங்கேதான் பம்புகளின் வயர்களும், ஒரு சின்ன அலமாரியின் மேல் எக்ஸ்டென்ஷன் பெட்டியும். அந்த இடத்தை அடைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை மூடியைத் துடைக்கப் போட்ட ஸ்டூலின் மேல் க்ளெம் நின்றான்.

“மாமா, தொடாதீங்க” என்று பல்லுக்குள் பேசினான். “அந்தம்மா மயங்கிப்போய் நிக்கிது. அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க.”

“காத்தில்லடா. சாவுது.”

“சாவல. வாழ்க்கைல மொத தடவையா நிம்மதியா இருக்கு. உங்களுக்குத்தான் அது கண்ணுல பட மாட்டேங்குது.”

“எறங்கு.”

“மிஸ்டர் ஹூடாக்” என்றார் அம்மையார், குரல் மாற்றத்தைக் கவனித்து. “தாள் ஞாபகம் இருக்கா? இழுங்க. நாலு எண்ணுங்க.”

ரீஜிஸ் உண்மையாகவே இழுத்தார். ஒன்று. பதினோரு மாதம் பதினைந்து நாள். இரண்டு. ஒரு ஆரஞ்சு மீன் வரிசையிலிருந்து கழன்று, இலை விழுவதுபோல் சுழன்று அடிக்குப் போனது. மூன்று. அதன் பின்னால் இன்னொன்று. நான்கு.

“மேடம்,” என்றார், “கையெழுத்த இப்பவே போட்டுருங்க.”

“எதுக்கு அவசரம்?”

“ஒரு நிமிஷம் கழிச்சு உங்களுக்குப் போட மனசு வராது.”

அம்மையாருக்கு இது புரியவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“இந்தாய்யா, என்ன பேசற நீ?” என்றாள் ராக்ஸேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. “டேய் க்ளெம், எறங்கித் தொலைடா!”

க்ளெம் இறங்கவில்லை. மூன்று ரிப்பன் வாங்கியவன் வாஷிங் மிஷின்காரனுக்கு வழி விடுவானா? பம்புக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரீஜிஸின் மார்பைப் பிடித்துத் தள்ளினான்.

“தோத்துட்டேன்னு ஒத்துக்குங்க மாமா. என் தண்ணிதான் ஜெயிச்சுது.”

ரீஜிஸ் அடித்தார். கோபக்காரன் அடிக்கிற சுழற்றலோ கத்தலோ இல்லை. எந்தச் செங்கல்லை எடுத்தால் சுவர் இறங்கும் என்று பார்த்து அடிக்கிற அடி. மூக்குத்தண்டு முறிந்த சத்தம், பம்பு இரையாத அந்த நிசப்தத்தில், மாடிவரை கேட்டிருக்கும். க்ளெம் ஸ்டூலோடு பின்னால் போய்ச் சுவரில் மோதி, விழும்போது கைக்குக் கிடைத்த வயரைப் பிடித்து இழுத்தான். அலமாரி சாய்ந்தது; எக்ஸ்டென்ஷன் பெட்டி மூலை இடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் போனது. பளீரென்று ஒரு நீல வெட்டு. கருகல் வாடை. இருந்த பம்புகளும் செத்தன. நிலவறை விளக்கும் போனது. கண்ணாடிக் கட்டிகள் பதித்த ஜன்னல் வழியாக மார்ச் மாத வெளிச்சம் மட்டும் வந்தது.

ரீஜிஸ் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்தார். க்ளெம் அருமையாகப் பொருத்தியிருந்த மூடி பிடி கொடுக்கவில்லை. முஷ்டியால் குத்தினார். இரண்டாவது குத்தில் கண்ணாடி பிளந்தது, மணிக்கட்டும் பிளந்தது. உடைசலை வாரி வெளியே போட்டுவிட்டு, முழங்கை வரை இரண்டு கைகளையும் விட்டுத் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழே, பக்கவாட்டில், அள்ளி உயரத் தூக்கிக் கொட்டி, மறுபடியும். தண்ணீர் இளஞ்சிவப்பானது.

“நிறுத்துங்க!” என்று கத்தினார் அம்மையார். “கைய எடுங்க! போலீஸக் கூப்பிடறேன்!”

“கூப்பிடுங்க மேடம். நிறுத்தினா செத்துரும்.”

அம்மையார் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சரியான வரிசையில் சொன்னார். தரையில் க்ளெம் எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் தடவி, உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு தொட்டியைப் பார்த்தான். அடியில் ஐந்து கிடந்தன.

“எங்கிட்ட ஒரு பம்பு இருக்கு” என்றான் மூக்கால். “வீட்டுல.”

“பாலத்தத் தாண்டி இருவத்தஞ்சு நிமிஷம்” என்றார் ரீஜிஸ், அடிப்பதை விடாமல்.

“வர இருவத்தஞ்சு.”

“அப்ப உக்காந்து என்ன மயித்துக்குடா கணக்குப் போடற? மூக்க அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஓட்டு!” என்று ராக்ஸேன் அவனைப் படியில் ஏற்றிவிட்டாள். மேலே போய்க் கறி வேகவைக்கும் பெரிய பாத்திரத்தோடும் ஒரு காப்பி ஜாடியோடும் வந்தாள். மறு கோடியில் நின்று மொண்டு மொண்டு ஊற்றினாள். ஐந்து நிமிடம் கழித்து, சுவரோரம் விறைத்து நின்ற அம்மையாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேடம், சும்மாதான நிக்கிறீங்க?”

காப்பி ஜாடியை அவர் கையில் திணித்தாள். குற்றம் நடந்த இடத்தில் எதையும் தொடக் கூடாது என்பது விதி. அம்மையார் அந்த விதியைப் பிறருக்கு வகுப்பெடுத்தவர். அட்டையைப் பீங்கான் மேல் வைத்துவிட்டு, கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தார். முதலில் கையைத் தாழ்த்தி ஊற்றினார்.

“உசரத் தூக்கி ஊத்துங்க” என்றார் ரீஜிஸ். “தண்ணி ஒடையணும்.”

அம்மையார் உயரத் தூக்கி ஊற்றினார்.

ரீஜிஸின் தோள்கள் முதலில் எரிந்தன, பிறகு கல்லாயின, அதன்பின் அவை அவருடையதாகவே தெரியவில்லை. நாற்பதாவது நிமிடம் போல, மேல்மட்டத்து வரிசை கலைந்தது. பிஷப் மெதுவாகத் திரும்பிற்று. பக்கத்தில் இருந்த மஞ்சள் மீனைப் பார்த்தது, யாரென்று யோசித்ததுபோல் ஒரு கணம் நின்றது, பிறகு அதன் இடுப்பில் ஒரு கடி வைத்தது. மஞ்சள் மீன் திரும்பி அதன் உதட்டைக் கவ்வியது. இரண்டும் கவ்வியபடி தொட்டியின் பாதி நீளத்துக்குப் புரண்டன.

“ஐயோ, கடிச்சுக்குதே!” என்றார் அம்மையார்.

ரீஜிஸ் சிரித்தார். அழுகிறாரோ என்று அம்மையாருக்குச் சந்தேகம். முகம் முழுக்கத் தண்ணீராக இருந்ததால் சொல்ல முடியவில்லை.

போலீஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. அதே நேரத்தில் க்ளெமும் வந்தான், பம்போடு. சமையலறையிலிருந்து நீள வயர் இழுத்து அதை மாட்டினான். வாயை மேல்நோக்கித் திருப்பினான். தண்ணீர் கொதித்தது.

“உன்ன யார் அடிச்சது?” என்று கேட்டார் போலீஸ்காரர். அவருக்கு ரீஜிஸைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும்.

“ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டேன்.”

“மூஞ்சி குப்புறவா?”

“ஆமா. நல்ல ஸ்டூலு.”

போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை மூடப் போனார். அப்போது அம்மையார் காப்பி ஜாடியைக் கீழே வைத்தார். “நான் பாத்தேன்” என்றார். பார்த்ததையெல்லாம் சொன்னார், தான் தண்ணீர் ஊற்றியது உட்பட. காலையில் அடித்த தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மே மாதம் வழக்கு வந்தது. ஆத்திரத்தில் நிதானம் இழந்துவிட்டேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தார். நீதிபதியும் கேள்வியை வாகாகத்தான் கேட்டார்.

“அந்த நேரத்துல உங்க நிதானம் உங்க கையில இல்ல, அப்படித்தானே?”

“இல்லீங்க, இருந்துச்சு” என்றார் ரீஜிஸ். “நாலு எண்ணினேன். அதுக்கப்பறந்தான் அடிச்சேன்.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பதினோரு மாதம் பதினைந்து நாள். அந்தக் காலம் முழுக்கத் தினமும் காலையும் மாலையும் பாலத்தைத் தாண்டி வந்து செவுள் எண்ணிப் பென்சிலால் குறித்தவன் க்ளெம். மூக்கு கொஞ்சம் இடது பக்கம் பார்க்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு ரீஜிஸ் ஹூடாக் தன் மைத்துனனை ஒரே ஒரு முறை அடித்தார், கண்ணாடி மூடியைக் கையால் உடைத்தார், ஐம்பது நிமிடம் இரண்டு கைகளாலும் தண்ணீரை அடித்தார். நூற்றுப் பதினான்கு மீன்களில் நூற்று ஒன்பது பிழைத்தன.